9 வயதுப் பிள்ளைக்கு இந்தக் கிரிக்கெட் விளையாட்டு ஏற்றதா?

களுவாஞ்சிக்குடியில் தரம் 4 இல் படிக்கும் என் மகன், விடுமுறை தொடங்கியதிலிருந்து எனது பழைய சாம்சங் ஏ14 தொலைபேசியில் ஒரு கிரிக்கெட் விளையாட்டில் மூழ்கியிருக்கிறான். கூகுள் பிளேயில் அதற்கு 3+ என்று வயது குறிக்கப்பட்டிருந்தாலும், அக்குறியீடு உள்ளடக்கத்துக்கானது மட்டுமே. செயலிக்குள் பணம் செலுத்துவதும் பிறருடன் உரையாடுவதும் தனியாகவே குறிப்பிடப்படுகின்றன.

ஓவர் முடிந்ததும் சூதாட்ட விளம்பரம் முழுத்திரையில் வருகிறது; அதை மூடும் குறியோ மூலையில் கடுகளவு. நல்ல வீரர்களைப் பெற, உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாத பெட்டியை நாணயம் கொடுத்துத் திறக்க வேண்டும், இதுதான் எனக்குப் பெரிய உறுத்தல்.

கொள்வனவுக்குக் கடவுச்சொல் இட்டேன், கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபேமிலி லிங்கில் நேரத்தை வரையறுத்தேன். டேட்டாவை நிறுத்தினால் விளம்பரம் நிற்கிறது, ஆனால் போட்டித் தொடர் திறப்பதில்லை. அரட்டையை மூடும் வசதி அமைப்புகளில் எங்கும் இல்லை.

இத்தகைய பெட்டியும் அரட்டையும் உள்ள விளையாட்டை இந்த வயதுப் பிள்ளைக்கு எந்த நிபந்தனையில் அனுமதிக்கலாம்?