படிப்பு ஒத்து வராது என்று அம்மா சொல்வது உண்மையில் எதைப் பற்றி?

வெள்ளவத்தை அக்கா:

என் தங்கைக்கு 29 வயது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்து, வங்கியொன்றில் பணியாற்றுகிறாள். அவள் விரும்புகிறவர் ஹற்றனைச் சேர்ந்தவர். தேயிலைத் தோட்டத்தில் தாயார் கொழுந்து பறித்தும் தகப்பனார் செடிகளைக் கவ்வாத்து வெட்டியும் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அவர் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் தோற்றி, பல்கலைக்கழக அனுமதி கிடைக்காததால் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவை முடித்து, இப்போது கட்டட நிறுவனமொன்றில் பொறுப்பான வேலையில் இருக்கிறார்.

எங்கள் பூர்வீகம் யாழ்ப்பாணம். அம்மா அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "படிப்பு ஒத்து வராது பிள்ளை, நாளைக்கு அவருக்கே அது மனத்தாங்கலாக வரும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆனால் போன வருடம் தரகர் கொண்டு வந்த கனடா மாப்பிள்ளைக்கும் பட்டம் இல்லை. அந்தக் குறிப்பை அம்மா அன்றைக்கே பொருத்தம் பார்க்க எடுத்துக்கொண்டு போனார். அதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. படிப்பு வித்தியாசம் குடும்ப வாழ்க்கையை உண்மையாகவே பாதிக்குமா? அம்மாவிடம் இதை எப்படிப் பேசுவது?

ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை:

பட்டத்தை வைத்து ஆளை அளப்பது நம் நாட்டில் பெரும் பிழையில் முடியும். இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். அதுவரை பல தோட்டங்களில் ஓர் ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்பு வரை என்பதே நிலைமை. அந்த இடத்திலிருந்து உயர்தரக் கணித வகுப்பு வரை ஒரு பிள்ளை வந்து சேர்வது எவ்வளவு தூரம் என்பதை, ஐந்து நிமிட நடையில் பாடசாலையும் அடுத்த ஒழுங்கையில் ரியூஷனும் இருக்கிற நமக்கு உணர்வது கடினம்.

இன்னொன்றையும் தாயாரிடம் சொல்லுங்கள். இன்று பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாவோரில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள். பட்டதாரிப் பெண்கள் எல்லோருக்கும் பட்டதாரி மாப்பிள்ளைதான் வேண்டும் என்றால், எண்ணிக்கையே இடம் கொடாது.

நான்காம் குறுக்குத் தெரு மருமகள்:

நான் பட்டதாரி ஆசிரியை. என் கணவர் சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திவிட்டுப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடைக்கு வந்தவர். திருமணமாகிப் பதினாறு வருடங்கள். ஆகவே பாதிக்காது என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பாதிக்கும், ஆனால் உங்கள் அம்மா நினைக்கிற இடத்தில் இல்லை.

மகளின் பாடசாலையில் முதலாவது பெற்றோர் கூட்டம் முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. அவர் கடைசி வரிசையில், கைக்குட்டையை நான்காக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், "இனி நீரே போம்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எந்த மொழிமூலம், எந்த வகுப்பு, எந்த ரியூஷன் என்ற எல்லாவற்றையும் நானே முடிவு செய்யத் தொடங்கினேன். அவர் கட்டணத்தை மட்டும் கொடுத்தார். இரண்டு வருடங்கள் அப்படிப் போயின. அவருடைய படிப்புக் குறைவு எங்கள் வீட்டைப் பாதிக்கவில்லை. அதைக் காரணமாக வைத்து நான் அவரிடம் கேட்காமல் விட்டதுதான் பாதித்தது.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு மகள் பின்னக் கணக்கில் தடுமாறியபோது, ஒரு நாள் இரவு அவர் பருப்பு மூட்டையைக் கிலோவாகவும் அரைக் கிலோவாகவும் காலாகவும் பிரித்துச் சொல்லிக் கொடுத்ததை அறை வாசலில் நின்று கேட்டேன். நான் ஒரு மாதமாகக் கரும்பலகை முறையில் சொல்லியும் ஏறாதது அவளுக்கு அன்றைக்கு ஏறியது. அடுத்த கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே போனோம். எங்கள் கேள்விகளைத் தமிழில்தான் கேட்டோம்.

உங்கள் தங்கையிடம் ஒன்றை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: ஹற்றனில் இருக்கிற பெற்றோருக்கு மாதா மாதம் எவ்வளவு போகும், அதை இருவரும் மனமொத்து அனுப்புவார்களா? சான்றிதழைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருபோதும் சண்டை வந்ததில்லை. அவருடைய தாயாருக்கு அனுப்பும் காசைப் பற்றி வந்திருக்கிறது.

சட்டத்தரணி ஒருவர்:

சீதனமாக வீடு எழுதும் எண்ணம் இருந்தால், பலரும் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட ஒரு பெண், 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் பெயரில் இருக்கும் காணியையோ வீட்டையோகூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. அவர் நியாயமின்றி மறுத்தால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் தேசவழமைக்கு உட்படாத ஒருவரை அவள் மணந்தால், அந்தத் திருமணம் நீடிக்கும் காலத்தில் அந்தச் சட்டம் அவளைக் கட்டுப்படுத்தாது. மலையகத்தைச் சேர்ந்த மாப்பிள்ளை என்பதால் உங்கள் தங்கையின் சொத்துரிமை குறையாது, கூடும். ஆவணங்களை எழுதும் முன் நேரில் ஆலோசனை பெறுங்கள்.

வெள்ளவத்தை அக்கா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு கனடாக் குறிப்பைப் பற்றி அம்மாவிடம் நேராகவே கேட்டேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மண்டபத்தில் மாப்பிள்ளை பகுதி ஆர், எந்த ஊர் என்று சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார். படிப்பு என்ற சொல் அதற்குப் பிறகு எங்கள் பேச்சில் வரவில்லை. தங்கை விரும்புகிறவருடைய தாயாரும் தகப்பனாரும் அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா சம்மதம் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.