365ஐ நீக்கச் சொல்பவருக்குக் கத்தோலிக்கர் வாக்குப் போடலாமா?

கேள்வி: முருங்கன் பிள்ளை

வணக்கம். மன்னார்ப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். அடுத்த பாராளுமன்றத் தேர்தலில் நிற்பார் என்று பேசப்படும் ஒருவர் கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர்ப் பிரச்சினையில் கமக்காரரோடு நின்றவர். காணிக் கச்சேரியில் அப்பாவின் பெர்மிட்டைக் கையில் வாங்கி, நின்றபடியே வாசித்து, எந்த வரியில் பிழை என்று விரல் வைத்துக் காட்டியதும் அவர் ஒருவர்தான். இப்போது ஒரு கூட்டத்தில், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளை எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். பூசை முடிந்தால் கோவில் வாசலில் இதே கதைதான். "அவருக்குப் போட்டால் அந்தப் பாவத்தில் உனக்கும் பங்கு" என்கிறார் பெரியப்பா.

தன்பாலுறவு பற்றித் திருச்சபை படிப்பிப்பதை நானும் ஏற்கிறவள்தான். பாவம் என்று நம்பும் ஒன்றுக்குச் சிறை வேண்டாம் என்பவருக்கு வாக்குப் போடுவதும் பாவமா? (மதமே பிழை என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேறு இழை தொடங்குங்கள்.)

பதில்: வவுனியா சபைக்காரன்

சகோதரி, ரோமர் 13ஐ வாசியுங்கள். தீமை செய்கிறவனைத் தண்டிக்கத்தான் அதிகாரிக்குப் பட்டயம் (வாள்) கொடுக்கப்பட்டிருக்கிறது. சட்டம் எடுபட்டால், அது சரி என்றுதான் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் போய்விடும். இன்று இது, நாளைக்குத் திருமணம் என்று வந்து நிற்பார்கள். குளமும் வாய்க்காலும் இந்த உலகத்துக் காரியங்கள்.

பதில்: சட்டம் படித்தவன்

பிள்ளைகளின் பாதுகாப்பு இந்தப் பிரிவுகளில் தங்கியில்லை. வன்புணர்வுக்கும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்துக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. 365 என்பது 1883இல் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போனது. 365அ முன்பு ஆண்களை மட்டும் பிடித்தது. 1995 திருத்தத்தோடு பெண்களும் உள்ளே வந்தார்கள். வயது வந்த இருவர், சம்மதத்தோடு, பூட்டிய வீட்டுக்குள் என்றாலும் குற்றம்தான். மாற்றக் கேட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024இல் பாராளுமன்றம் கலைந்ததும் அதுவும் போயிற்று.

பதில்: பழைய உபதேசியார்

பிள்ளை, பெரியப்பாவோடு சண்டை பிடிக்காதே. அவர் பயப்படுவது உன் ஆத்துமத்துக்காக. ஆனால் கணக்கில் பிழை விடுகிறார்.

கட்டினவளை விட்டு இன்னொருத்தியிடம் போகிறவனை ஆறாம் கட்டளை நேராகவே பிடிக்கிறது. இந்த நாட்டில் அதற்குச் சிறை உண்டா? விவாகரத்துக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். அவனையும் உள்ளே போடு என்று கோவில் வாசலில் யாரும் கேட்டதாக நான் அறியேன். (கேட்டால் வாசலில் நிற்கச் சிலர் குறைவார்கள், அது வேறு கதை.)

2008, 2009இல் சண்டைக்குக் கட்டாயமாக ஆள்பிடித்ததற்குப் பயந்து வன்னியில் எத்தனை பிள்ளைகளுக்கு அவசரமாகத் தாலி ஏறியது! பதிவும் இல்லை, கோவில் கல்யாணமும் இல்லை, சிலருக்கு வயதே வரவில்லை. முகாமால் வந்தபிறகு எங்கள் சுவாமி அந்தச் சோடிகளைக் கூப்பிட்டு இருத்தி, பெண்ணிடம் தனியாக, பெடியனிடம் தனியாகக் கேட்டு, விருப்பப்பட்டவர்களுக்குக் கோவிலில் கல்யாணத்தை மந்திரித்து வைத்தார். பொலிஸுக்குச் சொல்லவில்லை. பாவம் என்ற ஒன்றைத் திருச்சபை கையாளும் முறை அதுதான்.

மனிதச் சட்டம் எல்லாத் தீயொழுக்கத்தையும் தடுக்காது, முக்கியமாகப் பிறருக்குக் கேடு செய்வதைத்தான் தடுக்கும் என்று புனித தோமா அக்குவினாஸ் அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார். தன்பாலுறவாளருக்கு எதிரான குற்றவியல் தண்டனைகளை நாடுகள் நீக்கவேண்டும் என்று வத்திக்கான் 2008இல் ஐ.நா.வில் கேட்டது. 2023 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ், அது குற்றமில்லை, ஆனால் பாவம் என்று இரண்டையும் பிரித்துச் சொன்னார். உன் ஆளும் இதைத்தான் கேட்கிறார் என்றால் தடையில்லை. அவர் திருமணச் சட்டத்தையும் மாற்றக் கேட்கிறாரா? அதைக் கத்தோலிக்க உறுப்பினர் எதிர்க்கவேண்டும் என்று 2003இல் ரோமாபுரி எழுதியிருக்கிறது. சபைக்காரத் தம்பி அந்த இடத்தில் சொல்வது சும்மா தள்ளக்கூடியதல்ல.

வாக்கைப் பற்றி, பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர் 2004இல் எழுதியதைப் பார். வேட்பாளரின் பிழையான நிலைப்பாட்டுக்காகவே வாக்குப் போட்டால் அந்தப் பிழையில் பங்கு. அதை ஏற்காமல், வேறு தகுந்த காரணத்துக்காகப் போட்டால் அது தூரத்துத் தொடர்பு, அனுமதிக்கலாம் என்கிறார்.

முருங்கன் பிள்ளை

ராட்சிங்கர் சொன்னதைப் பெரியப்பாவுக்குச் சொன்னேன். "அது அமெரிக்கா ஆயர்களுக்கு எழுதினது, எங்களுக்கில்லை" என்கிறார். உண்மையா ஐயா?

பழைய உபதேசியார்

உண்மைதான், மனுஷன் விடயம் தெரிந்தவர். ஆனால் எதைப் பற்றி எழுதினது என்றும் கேள். கருச்சிதைவும் கருணைக்கொலையும். உயிர் போகிற காரியத்திலேயே தகுந்த காரணம் பார்க்கலாம் என்றால், ஒருவரைச் சிறையில் போடாமல் விடச் சொல்பவர் விடயத்தில் பார்க்கக்கூடாதா?