மறுமொழி: ‘ஞானமகவேற்பு’ – எட்மண்டும் டப்ளின் வைக்கிங் அரசர்களும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஓர் அரசன் இன்னோர் அரசனுக்குக் கிறிஸ்தவச் சடங்கில் ஞானத்தந்தையாக நின்று அவனை மகனாக ஏற்கும் வழக்கத்துக்கு, நம் கட்டுரை வரைவில் ‘ஞானமகவேற்பு’ என்ற சொல்லைப் போடலாம் என்றேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> “அரசியல் திருமுழுக்கு” என்று போட்டுவிடலாமே? படித்தவுடன் விளங்கும்.

விளங்கும் ஐயா, ஆனால் பாதிதான் விளங்கும். 943இல் நடந்ததைப் பாருங்கள். டப்ளினிலிருந்து வந்து வட இங்கிலாந்தின் யார்க் நகரைப் பிடித்திருந்த ஓலாஃப் சித்ரிக்சன் திருமுழுக்குப் பெற்றபோது, ஆங்கிலேய மன்னன் எட்மண்ட் அவனுக்கு ஞானத்தந்தையாக நின்றான். அரசனுக்குரிய பரிசுகளும் கொடுத்தான். சில காலம் கழித்து, அதே ஆண்டில், ராக்னல் என்ற இன்னொரு வைக்கிங் அரசனையும் அப்படியே ஏற்றான். ஆனால் ராக்னலுக்கு நடந்தது திருமுழுக்கு அன்று, உறுதிப்பூசுதல் (திருமுழுக்குப் பெற்றவருக்கு ஆயர் செய்யும் அடுத்த சடங்கு). பழைய ஆங்கிலத்தில் ஆண்டுவாரியாக எழுதப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு ‘ஆயரின் கையில்’ அவனை ஏற்றதாகப் பிரித்தே எழுதுகிறது. சொல்லில் ‘திருமுழுக்கு’ இருந்தால் ராக்னல் வெளியே நிற்பான். கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள், சீர்திருத்தச் சபையார் ஞானஸ்நானம் என்பார்கள்; அந்தப் பஞ்சாயத்தும் நமக்கு வேண்டாம். ‘ஞான’ என்ற அடை இரு தரப்புக்கும் பொது.

> அப்படியானால் “ஞானத்தத்து”?

தத்து என்றால் ஒருவர் கொடுக்க வேண்டும், ஒருவர் எடுக்க வேண்டும். ஓலாஃபைக் கொடுக்க யார் இருந்தார்கள்? தகப்பன் சித்ரிக் 927லேயே இறந்துவிட்டான். (அந்தச் சித்ரிக்குக்கு 926இல், எட்மண்டுக்கு முன் ஆண்ட மன்னன் ஏதெல்ஸ்டன் தன் தங்கையையே மணமுடித்துக் கொடுத்தான். எட்மண்டுக்கும் அவள் தந்தைவழியில் அக்காள். சம்பந்தம் செய்து பார்த்து, அது நெடுநாள் நிலைக்காத குடும்பம் இது!) ஆண்டுக்குறிப்பு இரண்டு இடத்திலும் ஆளும் வினை ஒன்றே: ‘ஏற்றான்’. 878இல் வெசெக்ஸ் மன்னன் ஆல்ஃபிரட், தன்னிடம் தோற்ற வைக்கிங் தலைவன் குத்ரமுக்கு ஞானத்தந்தையானபோதும் இதே வினைதான். இலங்கைச் சட்டத் தமிழில் ‘மகவேற்பு’ ஏற்கெனவே புழங்குகிறது. அதன் முன் ‘ஞான’ சேர்த்தால் சொத்துரிமை, வாரிசுரிமை எல்லாம் கழன்றுவிடும். ஆகவே ‘ஞானமகவேற்பு’ என்பதே என் பரிந்துரை. ஆட்களைக் குறிக்க ஞானத்தந்தை, ஞானமகன் என்ற வழக்குச் சொற்கள் போதும்.

> சொல்லில் மேலாதிக்கம் தொனிக்க வேண்டாமா? தோற்றவன்தானே ஞானமகன் ஆனான்?

குத்ரம் தோற்றவன், சரி. ஓலாஃபின் கதை அவ்வளவு நேரானதன்று. 939இல் ஏதெல்ஸ்டன் இறந்ததும் டப்ளின் அரசன் ஓலாஃப் குத்ஃப்ரித்சன் யார்க்கை எடுத்துக்கொண்டு நடு இங்கிலாந்தின் தாம்வொர்த் வரை சூறையாடினான். பதினெட்டு வயதில் முடிசூடிய எட்மண்ட் நிலத்தை விட்டுக்கொடுத்துத்தான் உடன்பாடு செய்தான். 941இல் அந்த ஓலாஃப் இறந்த பிறகே லிங்கன், லெஸ்டர், நாட்டிங்காம், ஸ்டாம்ஃபோர்ட், டெர்பி ஆகிய ஐந்து நகரங்களையும் 942இல் மீட்டான். மறு ஆண்டு ஞானமகவேற்பு. அதற்கும் மறு ஆண்டு, 944இல், ஞானமகன்கள் இருவரையும் யார்க் அடங்கிய வட நாடான நார்தம்பிரியாவிலிருந்து துரத்திவிட்டான்! தந்தை என்ற உரிமையை எட்மண்ட் கோரினான். மகன்கள் எந்த அளவுக்கு ஒப்பினார்கள் என்பது வேறு. அந்த இழுபறியைக் கட்டுரைதான் சொல்ல வேண்டும். கலைச்சொல்லின் தலையில் அதை ஏற்றக் கூடாது.

இன்னொன்று. வரைவில் அண்டங்காக்கை பொறித்த யார்க் வெள்ளிக்காசின் படத்துக்குக் கீழே ‘எட்மண்டின் ஞானமகன் ஓலாஃப்’ என்று இருக்கிறது. அந்தக் காசு 941இல் இறந்த குத்ஃப்ரித்சனுடையது என்பதே பொதுக் கருத்து. ஞானமகன் அவனுடைய உறவினன் ஓலாஃப் சித்ரிக்சன், ஓலாஃப் கூரான் என்று அறியப்படுபவன். இரண்டு ஓலாஃப்களையும் வெறும் ‘ஓலாஃப்’ என்று எழுதினால் இந்தக் குழப்பம் தீராது. தந்தை பெயரோடு எழுதலாமா, இரண்டாமவனை மட்டும் ‘கூரான்’ என்று குறிக்கலாமா? படக்குறிப்பைத் திருத்துமுன் இதற்கு ஒரு முடிவு சொல்லுங்கள்.