மறு: செயின் ஸ்லாக், செயின் ஸ்ட்ரெச் – விடுதொய்வு, தேய்நீட்சி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

புதிதாக பைக் ஓட்டுகிறவர்களுக்கான கையேட்டில் செயின் பராமரிப்புப் பகுதி இரண்டு சொற்களில் நின்று போயிருக்கிறது. செயின் நடுவில் கொஞ்சம் ஏறி இறங்கும்படி விடுகிற செயின் ஸ்லாக்குக்குத் தளர்வு, இளக்கம், தொய்வு என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ஓட ஓடச் செயின் நீளமாகிற செயின் ஸ்ட்ரெச்சுக்கு எல்லோரும் நீட்சி என்றே எழுதியிருக்கிறோம். முதலாவதற்கு விடுதொய்வு, இரண்டாவதற்குத் தேய்நீட்சி என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த இரண்டு சொல்லும் சரியாக அமைந்தால் படிக்கிறவர் வண்டியில் செய்யும் வேலையும் சரியாக அமையும்.

முதலில் தளர்வு. வரைவில் "சங்கிலித் தளர்வைச் சரிசெய்யவும்" என்று ஒரு வரி இருக்கிறது. காட்பாடியில் கல்லூரிக்காக முதல் வண்டி வாங்கிய பையன் அதைப் படித்தால் என்ன செய்வான்? தளர்வு ஒரு குறை, அது இருக்கவே கூடாது என்று பின்சக்கரத்தை நகர்த்திச் செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் நட்டை முறுக்கிக்கொண்டே போவான். செயின் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கும். கையால் தட்டிப் பார்த்தால் உறுதியாகத் தெரியும், அவனுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் செயின் லூஸாக இருப்பதைவிடச் சீக்கிரமாக வண்டியைக் கெடுப்பது இதுதான்.

ஏன் என்பதைக் கையேடு கட்டாயம் சொல்ல வேண்டும். முன்னால் கியர்பாக்ஸில் இருக்கிற ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஏறி ஓடும் பல் வைத்த சக்கரம், ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அதற்குச் சற்றுப் பின்னால் வேறொரு புள்ளியில் கீல் போட்டு ஏறி இறங்குகிறது. இரண்டும் ஒரே புள்ளியாக இல்லாததால், சஸ்பென்ஷன் அமுங்கும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் நடுவிலுள்ள தூரம் கூடுகிறது. முன் ஸ்ப்ராக்கெட்டின் நடு, கீல், பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் நேரத்தில் செயின் மிக அதிகமாக இழுபடும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு சத்துவாச்சாரியில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் போதும், அந்த நிலை வந்துவிடும். அப்போது கொடுப்பதற்குச் செயினில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கிலும் பின்சக்கர பேரிங்கிலும் போய் விழும். செயின் மாற்றுகிற செலவு வேறு, கியர்பாக்ஸைப் பிரிக்கிற செலவு வேறு.

ஆக, நாம் பெயர் வைக்கப் போவது குறை ஒன்றுக்கு அல்ல. தயாரிப்பாளரே கணக்குப் பார்த்து, இவ்வளவு இருக்க வேண்டும் என்று மி.மீ.-ல் எழுதிக் கொடுத்த அளவு அது. 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ளதே முடிவான அளவு, பல வண்டிகளில் ஸ்விங் ஆர்மிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். இஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் நடுவில் செயினின் கீழ்ப்பக்கத்தை ஒரு விரலால் மேலே தள்ளி, அதே இடத்தில் கீழே இழுக்க வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் நிறுத்தி, செயின் கண்ணிகளை இணைக்கும் பின்களில் ஏதாவது ஒன்றின் தலையைக் கண்ணில் வைத்துக்கொண்டால் அது மேலே எங்கே நிற்கிறது, கீழே எங்கே நிற்கிறது என்று துல்லியமாகத் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. முழு செயின் கவர் போட்ட வண்டியில் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் உள்ளே விரல் போகும். சென்டர் ஸ்டாண்டா, சைட் ஸ்டாண்டா என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதையும் கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும்.

விடு என்ற முன்னொட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது நம்மூர் பட்டறையிலேயே இருக்கிறது. "செயினை ரொம்ப இழுக்காதப்பா, கொஞ்சம் லூஸ் விட்டு வைக்கணும்" என்றுதான் மெக்கானிக் சொல்வார். தையற்காரர் ஓரத்தில் துணி விட்டுத் தைக்கிறார். வேண்டுமென்றே, பின்னால் தேவைப்படும் என்று தெரிந்து விடுவது. அந்த விடு சேர்ந்தால், விடுதொய்வு என்பது திட்டமிட்டு விட்டுவைத்த தொய்வு என்று முதல் பார்வையிலேயே புரியும். விடுகதை, குடிநீர் போல இதுவும் வினைத்தொகை, அதனால் நடுவில் த் மிகாது. விடுத்தொய்வு என்று எழுதிவிட வேண்டாம்.

"பணியில் தொய்வு என்று செய்தித்தாளில் வருகிறதே, தொய்வும் குறைதானே" என்ற ஐயத்துக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. தனியாக நின்றால் அந்த நிழல் விழத்தான் செய்யும். ஆனால் இரண்டு முனையில் கட்டிய ஒன்று நடுவில் தாழ்ந்து நிற்பதைச் சொல்ல நம்மிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. கொடிக்கயிறும் கயிற்றுக் கட்டிலும் தொய்கின்றன என்கிறோம். தளர்வு முடிச்சுக்கும் பொருந்தும், நட்டுக்கும் பொருந்தும். செயின் கீழ்ப்பக்கம் நிற்கிற அந்த வடிவத்தை அது காட்டாது. இளக்கம் எனக்கு நெகிழ்ந்த மண்ணையும் வெல்லப் பாகையும்தான் நினைவுபடுத்துகிறது. ஸ்லாக் என்றே எழுதிவிடலாம் என்கிறவர்களுக்கு என் பதில்: பட்டறையில் புழங்குகிற சொல் லூஸ்தான். ஸ்லாக் ஆங்கிலக் கையேட்டில் மட்டும் இருக்கிறது. அதைப் படிக்க முடியாதவருக்காகத்தான் இந்தக் கையேடு.

அடுத்தது செயின் ஸ்ட்ரெச். எனக்கு இதுதான் இன்னும் முக்கியம். வெறும் நீட்சி என்றால் இரும்புத் தகடு ரப்பர் போல இழுபட்டு நீண்டது என்று தோன்றும். நடப்பது அதுவல்ல. செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின் ஒரு புஷ்ஷுக்குள், அதாவது சிறிய குழலுக்குள், திரும்புகிறது. செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. பின்னும் புஷ்ஷின் உள்பக்கமும் தேய்ந்து மூட்டு மூட்டாக இடைவெளி விழுகிறது. எல்லா இடைவெளியும் சேர்ந்துதான் செயின் நீளமாகிறது. 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் புஷ் வைத்த உருளைச் சங்கிலியை உருவாக்கியதே இந்தத் தேய்மானத்தை அகலமான பரப்பில் பரப்பிவிடத்தான். அதற்கு முந்தைய சங்கிலிகளில் பின் மெல்லிய தகட்டின் துளையில் நேராக உரசிச் சீக்கிரம் தேய்ந்தது.

கணக்கு போட்டால் தெளிவாகும். சிறிய வண்டிகளில் வரும் 428 என்ற அளவுச் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மி.மீ. ஆகவே 20 கண்ணி, அதாவது 21 பின்களின் நடுவுக்கு நடு, புதிதில் 254 மி.மீ. ஒரு மூட்டில் 0.1 மி.மீ. தேய்ந்தாலே 20 கண்ணிக்கு 2 மி.மீ. கூடிவிடும். நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள் உள்ள முழுச் செயினில் ஒரு செ.மீ.-க்கு மேல் போய்விடும். இப்படி நீண்ட செயினை அட்ஜஸ்டரில் இழுத்து விடுதொய்வைச் சரியாக வைத்துவிடலாம், ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான். ஸ்ப்ராக்கெட் பல்லின் இடைவெளிக்கும் செயினின் இடைவெளிக்கும் பொருத்தம் போய், பல் ஒருபக்கமாகக் கொக்கி வாங்க ஆரம்பிக்கும். அப்புறம் செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாகவே மாற்ற வேண்டும்.

அதனால்தான் தேய்நீட்சி. தேய்பிறை நமக்குப் பழகிய சொல், அதே அமைப்பு இது. வினைத்தொகை முக்காலத்துக்கும் பொருந்தும்: தேய்ந்த, தேய்கிற, இனியும் தேயப்போகிற நீட்சி. செயினுக்கு அப்படியே பொருந்துகிறது. சொல்லிலேயே தேய் இருந்தால் படிக்கிறவர் எது தேய்கிறது என்று கேட்பார். அந்தக் கேள்வி அவரை எண்ணெய்க்குக் கொண்டுபோகும். வெறும் நீட்சி அவரை ஸ்பேனருக்குத்தான் அனுப்பும்.

நம் வேலூர்ப் பக்கத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது. கோடையில் மணல் லாரிக்குப் பின்னால் ஓட்டியவர்களுக்கு அந்தப் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செயினின் வெளிப்பக்கம் கிரீஸைக் கட்டியாக அப்பினால் அந்தப் புழுதி அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். இஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை ஊற்றுகிற பழக்கத்தையும் கையேடு வெளிப்படையாகத் தடுக்க வேண்டும், அதில் கரியும் இரும்புத் துகளும் இருக்கின்றன. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் வைத்துத் துடைத்து, ஓடி வந்த சூடு ஆறும் முன் 90 நம்பர் கியர் ஆயிலையோ செயின் ஸ்ப்ரேயையோ செயினின் உள்பக்கமாகக் கொடுக்க வேண்டும். சுழலும்போது எண்ணெய் வெளியே தள்ளப்படுவதால் உள்ளே கொடுத்தால்தான் மூட்டுக்குப் போய்ச் சேரும். மீதியைத் துணியால் துடைத்துவிடலாம். சுமார் 500 கி.மீ.க்கு ஒரு தடவையும் மழையில் நனைந்த பிறகும் என்று எழுதலாம். சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்ற வேண்டும், இஞ்சினை ஓடவிட்டுக் கியர் போட்டுச் சுற்றவே கூடாது. அந்த வரி தடித்த எழுத்தில் வரட்டும். செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் போன விரல் திரும்ப வராது.

மற்ற சொற்களில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. லிங்க்குக்குக் கண்ணி ஏற்கெனவே இருக்கிறது. செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் செயின் லாக் போடும் கண்ணிக்குப் பூட்டுக்கண்ணி நல்ல சொல், அதில் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். மூட்டில் வரும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஓ-ரிங்காகவே இருக்கட்டும். ஸ்ப்ராக்கெட்டுக்குப் பற்சக்கரம் வேண்டாம், அது கியருக்குப் போய்விட்டது.

வரைவில் அந்த வரியை இப்படி மாற்றலாம்: "விடுதொய்வு உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்பி, ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இருபக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, நட்டை மறுபடி இறுக்குங்கள். அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டால் தேய்நீட்சி எல்லை மீறிவிட்டது, செட்டை மாற்றும் நேரம்."

இன்னும் ஒன்று பாக்கி. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பார்த்தால் ஓரிடத்தில் விறைப்பாக வரும், அந்த இடத்தில் வைத்துத்தான் விடுதொய்வை அளக்க வேண்டும். அதற்கு இறுகிடம் என்று யோசித்திருக்கிறேன். குடியாத்தம், ஆரணி, திருப்பத்தூர் பக்கத்துப் பட்டறைகளில் அதற்கு வேறு பெயர் புழங்குகிறதா என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் விசாரித்து எழுதுங்கள்.