கோர்ன் ஸ்நேக்கின் தொட்டியும் எங்கள் வளவுச் சாரையும்

இங்கே பலரும் வீட்டுக்குள் பாம்பு வந்த கதையை எழுதியிருக்கிறீர்கள். என்னுடைய அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்த காலத்தில் கோர்ன் ஸ்நேக் என்ற அமெரிக்கப் பாம்பு ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தவன் நான். இப்போது திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், வளவில் ஒரு சாரை தன் பாட்டுக்கு வாழ்கிறது. தொட்டிப் பாம்பு இன்று அக்காவின் மகனிடம். அவன் அடிக்கடி கூப்பிட்டு, "மாமா, சூடு எத்தனையில வைக்கிறது, எப்ப கழுவுறது" என்று கேட்பான், நான் கிணற்றடியில் இருந்துகொண்டு பதில் சொல்லுவேன். அவனைப் போல வெளிநாட்டில் பாம்பு வளர்க்கிற எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏன் அதை இங்கே கொண்டு வரவில்லை என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு விசயம். இலங்கையில் 1937 இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லாமல் வெளிநாட்டு ஊர்வனவற்றை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. எனக்கும் கொண்டுவர மனமில்லை. கோர்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு. வளர்ப்புக்கும் சரக்குக்கும் கூடவே போய் கேமன் தீவுகள் போன்ற இடங்களில் குடியேறி, அங்குள்ள சின்னப் பறவைகளையும் பல்லிகளையும் தின்றுகொண்டிருக்கிறது. எங்கள் ஊர் அப்படியாக வேண்டாம். ரொறன்ரோவில் விசப்பாம்புகளுக்கும் 3 மீற்றருக்கு மேல் வளரும் பாம்புகளுக்கும்தான் தடை. கோர்ன் ஸ்நேக் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மீற்றரோடு நின்றுவிடும், ஆனால் நன்றாகப் பார்த்தால் 15, 20 வருசம் இருக்கும். வாங்குகிறவர்கள் அந்த 20 வருசத்தையும் நினைத்துத்தான் வாங்க வேண்டும்.

சரி, சூட்டுக்கு வருகிறேன். மருமகன் கேட்கிற "எத்தனையில வைக்கிறது" என்ற கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பாம்புக்கு வேண்டியது இரண்டு எண். தொட்டியின் ஒரு பக்கம் 29 முதல் 31 பாகை செல்சியஸ், மறுபக்கம் 23, 24 பாகை. இரவில் 20, 21 வரை இறங்கினாலும் பரவாயில்லை. 35ஐத் தாண்டி, ஒதுங்க இடமும் இல்லையென்றால் ஆபத்து.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை விட எங்கள் வளவுச் சாரையைப் பார்த்து விளங்கிக்கொண்டதுதான் அதிகம். காலையில் வெயில் ஏறத் தொடங்கியதும் அது கிணற்றுக்கட்டு ஓரமாக வந்து நீட்டி நிமிர்ந்து கிடக்கும். உடம்பு சூடேறியதும் மெல்ல நகர்ந்து பூவரசு நிழலுக்கு வரும், அப்புறம் வேலியோரம் அடுக்கியிருக்கிற மரக்குற்றிகளுக்குள் நுழைந்துவிடும். கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதங்களில் பகல் முழுக்கக் காணவே முடியாது, பின்னேரம்தான் வெளியே வரும். மாரிகாலத்தில் மழை விட்டு அரை மணித்தியாலம் வெயில் எறித்தால் போதும், அந்த அரை மணிக்கும் வந்து கிடக்கும். பாம்புக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கத் தெரியாது, வெளியில் இருந்துதான் எடுக்க வேண்டும், ஆகவே வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவில் போய் வருவதுதான் அதன் நாள் முழுக்க உள்ள வேலை. தொட்டிக்குள் அடைத்துவிட்டு அந்தப் போக்குவரத்தைப் பறித்துவிட்டோம் என்றால் வேறு எதைக் கொடுத்தும் சரிக்கட்ட முடியாது.

மருமகனுக்கு விளங்கவைக்க இங்குள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத்தான் சொன்னேன். விடுமுறைக்கு வந்தபோது கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஏழு வெந்நீர்க் கிணறும் ஒவ்வொரு சூட்டில் இருக்கும், அவன் வாளியோடு ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்து, தனக்கு ஒத்துவந்த கிணற்றடியில்தான் கடைசிவரை நின்று குளித்தான். உன் பாம்பும் அப்படித் தேடிப் பார்க்கத் தொட்டிக்குள் இடம் வேண்டும் என்றேன், உடனே பிடித்துக்கொண்டான்.

செய்முறை என்று பார்த்தால், தொட்டியின் ஒரு முனையில் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஹீட் மேட், அதாவது கரண்டில் சூடாகிற விரிப்பு. அதற்கு மேலே உள்ளே பாம்பு மறைந்து கிடக்க ஒரு ஒளிவிடம், குளிர்ந்த முனையிலும் இன்னொரு ஒளிவிடம். இந்த இரண்டாவது ஒளிவிடத்தைப் பலர் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிடுவார்கள், விடவே கூடாது. பாம்புக்குச் சூட்டை விட மறைவு பெரிது. மறைவு குளிர்ப்பக்கம் மட்டும் இருந்தால் குளிரிலேயே கிடக்கும், தின்ற எலி செமிக்காமல் வயிற்றில் அழுகி, பிறகு கக்கும். சூட்டுப்பக்கம் மட்டும் இருந்தால் கொதித்தாலும் வெளியே வராது.

ஹீட் மேட் வாங்கிய கடையில், சூடு கூடினால் தானே நிறுத்துகிற தெர்மோஸ்டாட் தேவையில்லை என்றார்கள். நான் வாங்கிவிட்டுத்தான் வந்தேன். பாம்பை உள்ளே விடுவதற்கு முதல் தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டை ஓடவிட்டுக் கண்ணாடியின் மேல் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 40ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பாம்புக்கு மேலிருந்து வருகிற வெயிலை விலக்கத் தெரியும், அடிவயிற்றில் ஒட்டி வருகிற சூட்டை அவ்வளவு கெதியாக உணர்ந்து விலகத் தெரியாது, அப்படியே சுருண்டு கிடந்து வெந்துபோகும். அந்தப் புண்ணோடு பாம்பைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். கரண்டில் சூடாகிற செயற்கைக் கல் என்று ஒன்று விற்பார்கள், அதை வாங்கவே வேண்டாம். வெளியே ஒட்டுகிற வட்ட வெப்பமானியையும் நம்ப வேண்டாம், கம்பியோடு வருகிற டிஜிட்டல் வெப்பமானி இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. அந்தக் கம்பியை உள்ளே செலோடேப்பால் ஒட்டாதீர்கள், டேப்பில் பாம்பு ஒட்டிக்கொண்டால் செதிலோடு உரியும்.

2013 டிசம்பரில் ரொறன்ரோவில் உறைமழை பெய்து மரங்கள் முறிந்து, சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது சிலருக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கம் நத்தார் வரைக்கும் வரவில்லை. வீடு குளிர்ந்துகொண்டே போனது, மனிசருக்குக் கம்பளியாவது உண்டு, பாம்புக்கு ஒன்றும் இல்லை. காஸ் அடுப்பு இருந்தபடியால் தண்ணீர் கொதிக்கவைத்துப் போத்தல்களில் ஊற்றித் துவாயால் தடிப்பாகச் சுற்றி, பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்றில் மூலையில் போத்தல்களும் மறு மூலையில் பாம்புமாக வைத்தேன். அங்கேயும் அதே கணக்குத்தான், விலகிப் போக இடம் இருக்க வேண்டும். போத்தல் ஆற ஆற மாற்றினேன். சாப்பாடு கொடுக்கவேயில்லை. சூடில்லாத வயிற்றுக்குப் பசி கெடுதல் செய்யாது, எலிதான் கெடுதல் செய்யும். கரண்ட் வந்து தொட்டி பழைய நிலைக்கு வந்து சில நாள் போன பிறகுதான் ஒரு சின்ன எலி கொடுத்தேன். ஒரு குறையும் இல்லாமல் தப்பியது.

துப்புரவு விசயத்தில் எல்லாரும் மாதம் ஒரு முறைக் கழுவலைத்தான் கேட்பார்கள், நாளாந்தம் பார்ப்பதுதான் முக்கியம். கழிவு கண்டால் அன்றே, சுற்றியுள்ள மரச்சீவலோடு சேர்த்து அள்ளிவிட வேண்டும். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கழுவ வேண்டும், பாம்பு அதற்குள் கிடக்கும், அதற்குள்ளேயே கழிக்கும். கழுவ முதல் சட்டியின் அடியைப் பாருங்கள், மிளகுத்தூள் போல் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் உண்ணி வந்துவிட்டது என்று அர்த்தம்.

கீழே விரிப்பதற்கு அஸ்பென் மரச்சீவல் நல்லது, பைன், சீடர் சீவல் ஆகாது, அவற்றின் வாசனை எண்ணெய் பாம்பின் நுரையீரலுக்குக் கூடாது. கைக்காசு குறைவென்றால் பழைய பத்திரிகைத் தாள் போதும், நோய் வந்த பாம்புக்கு அதுதான் சிறந்ததும்கூட.

முழுக் கழுவலுக்கு எலி கொடுத்த இரண்டு நாளுக்குள் கை வைக்க வேண்டாம், கண் நீலம் பூத்துத் தோலுரிக்கத் தயாராகிற நேரத்திலும் வேண்டாம். மூச்சுத் துளை போட்ட பெட்டியில் பாம்பை அதன் ஒளிவிடத்தோடு சேர்த்து விட்டு மூடியைப் பூட்டுங்கள். மருமகன் ஒருமுறை ஒரு பக்கக் கிளிப்பைப் போடாமல் தொட்டியைக் கழுவப் போய்விட்டான், திரும்பி வந்தால் பெட்டி வெறுமை. அழுதுகொண்டு கூப்பிட்டான், இங்கே நடுச்சாமம். "குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால பார் தம்பி" என்றேன். மோட்டர் பக்கம் இளஞ்சூட்டில் சுருண்டு படுத்திருந்தது. குளிர்காலத்தில் காணாமற்போன பாம்பை வேறெங்கும் தேடும் முன் வீட்டில் எது சூடாக இருக்கிறது என்று பாருங்கள்.

தொட்டியைப் பாத்திரம் கழுவும் திரவமும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து, கண்ணாடியில் வெள்ளையாகக் காய்ந்து பிடித்திருப்பதற்கு வினாகிரி தடவுங்கள், சுண்ணாம்பு போல் இளகி வந்துவிடும். வினாகிரியை நன்றாக அலசிய பிறகுதான் ப்ளீச், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பத்து நிமிசம் ஊறவிட்டால் சரி. இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது பாம்புக்கு மட்டுமில்லை உங்களுக்கும் நஞ்சு. கழுவறைக்கு ஊற்றுகிற பினாயில் வகை எதையும் தொட்டிக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், அது ஊர்வனவற்றைக் கொல்லும். ப்ளீச் மணம் துளியும் இல்லாத வரைக்கும் அலசி, காயவிட்டு, சூட்டைப் போட்டு இரண்டு பக்கமும் சரியான பாகைக்கு வந்த பிறகே பாம்பை விடுங்கள். பழைய சீவலில் துப்புரவான ஒரு பிடியை எடுத்து வைத்திருந்து திரும்பப் போட்டால் தன் மணத்தைக் கண்டு அமைதியாக இருக்கும்.

இவ்வளவும் சமையலறைச் சிங்கில் செய்யக் கூடாது. பாம்பின் உடம்பில் சல்மொனெல்லா இருக்கலாம், அதற்கு ஒன்றும் செய்யாது, எங்களுக்கு வயிற்றோட்டம் வரும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

ஈரப்பதன் 40 முதல் 60 வீதம். மாரியில் எங்கள் மரக்குற்றிகளுக்கு இடையில் சாரை கழற்றிவிட்டுப் போன சட்டையை எடுத்துப் பார்த்தால் மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டு, கண்ணின் மேல் இருந்த மெல்லிய வட்டம் கூட அதில் இருக்கும். கனடாவில் ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று காய்ந்து தோல் துண்டு துண்டாகப் பிய்யும், அந்தக் கண்வட்டம் (கண்மூடி) கண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். ஈரப் பாசி போட்ட ஒரு மூடிய டப்பாவை உள்ளே வைத்தால் பாம்பே தேடிப் போய்க் கிடக்கும். கண்மூடியை மட்டும் நகத்தால் எடுக்க முயலாதீர்கள், அது வைத்தியர் வேலை.

வளவுச் சாரையை அடிக்க வந்தவர்களும் உண்டு. போன வருசம் இரண்டு சாரை பின்னிப் பிணைந்து எழும்பி நின்றதைக் கண்டு அயல்வீட்டு அண்ணை, நாகமும் சாரையும் கூடுது என்று அலவாங்கோடு வந்தார். "அண்ணை, இரண்டும் ஆண் சாரை, மல்லுக்கு நிக்குது, உதட்டில கறுப்புக் கோடு தெரியுது பாருங்கோ, படம் இல்லை" என்று அவரை மறித்துத் தூரத்தில் நின்று காட்டினேன். கனநேரம் நின்று பார்த்தார், அப்புறம் தன் மகளையும் கூப்பிட்டுக் காட்டினார். இப்போது எலித்தொல்லை குறைந்ததை அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார். ஆனால் தொட்டியில் பாம்பு தூக்கிப் பழகியவன் என்றாலும் இங்கே நான் எதையும் கையால் தொடுவதில்லை. கண்ணாடி விரியனும் எண்ணெய் விரியனும் சுருட்டையும் நாகமும் உள்ள ஊர் இது. இரவில் டோர்ச் இல்லாமல் நடக்காதீர்கள், வெறுந்தரையில் வலையில்லாமல் படுக்காதீர்கள், கடி பட்டால் கட்டுப்போட்டு, கீறி, மந்திரித்து நேரத்தைக் கடத்தாமல் நேரே ஆஸ்பத்திரி.

போன கிழமை மருமகனின் கேள்வி கோடையைப் பற்றி. அடுக்குமாடியில் அறையே 30 பாகை ஆகிவிட்டது, மேட்டைக் கழற்றவா என்றான். தெர்மோஸ்டாட் தானே நிறுத்திக்கொள்ளும், நீ சூட்டுப்பக்கத்தை விட்டுவிட்டுக் குளிர்ப்பக்கத்தைப் பார் என்றேன். தொட்டியை யன்னல் வெயிலிலிருந்து நகர்த்தி, தண்ணீரை உறையவைத்த போத்தலைத் துணியில் சுற்றி குளிர்ப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வைத்திருக்கிறான். இன்று காலை அனுப்பிய படத்தில் அந்தப் பக்க வெப்பமானி 25 காட்டுகிறது.