புதுப்பிப்பு: வேதியியல் கட்டடத்தின் இரவு நேர மின்செலவு

இரவில் விளக்குகளையெல்லாம் அணைத்தும் எங்கள் பல்கலைக்கழக வேதியியல் கட்டடத்தில் மின்செலவு குறையவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது: ஆய்வகத்தில் நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிகள். இரவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பாதிக்கும் மேற்பட்டவற்றில் கண்ணாடிக் கதவு மார்பளவு உயர்த்தியபடியே இருந்தது. காகிதத் துண்டு ஒன்றை நீட்டினேன். விர்ரென்று உள்ளே இழுத்தது. குளிரூட்டிய காற்றை இரவு முழுக்க வெளியே கொட்டுகிறோம்! கதவை இறக்கினால் காற்றோட்டம் தானாகக் குறையும் அமைப்பு எங்களுடையது. எல்லா இடங்களிலும் அப்படி இருக்காது, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உறைபெட்டிகள். மைனஸ் 80 டிகிரியை மைனஸ் 70 ஆக்கினாலே ஏறத்தாழ 30 சதவீத மின்சாரம் மிச்சமாகும். மாதிரிகள் கெட்டுவிடுமோ என்ற ஆய்வாளர்களின் அச்சம் நியாயமானதே. ஒரே ஒரு பெட்டியில் தொடங்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.