அம்மான்ர கல்ச்சர் ரிப்போட் முழுக்க ஆர்... உலக நாடுகள் கூடி எடுக்கிற முடிவு எங்கட ஊருக்கு வருமா?

கோண்டாவிலான்:

வணக்கம் எல்லாருக்கும். அம்மாவுக்கு கன வருசமா சீனி வருத்தம். போன மாசம் சலக்கடுப்பும் காய்ச்சலும் எண்டு பக்கத்தில ஒரு தனியார் கிளினிக்கில காட்ட, ஒரு டெஸ்டும் இல்லாம சிப்ரோ எண்ட அன்டிபயோடிக் எழுதிக் குடுத்திச்சினம், குறையேல்ல எண்டு திருப்பிப் போக வேற குளிசைக்கு மாத்தி விட்டினம், கடைசியா நடுக்கத்தோட காய்ச்சல் கூடித்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினது. வாட்டில மறிச்சு கல்ச்சர் (சலத்தில இருக்கிற கிருமியை வளத்துப் பாக்கிற டெஸ்ட்) செய்ய, ஈ கோலை எண்ட பக்டீரியா, ஈஎஸ்பிஎல் பொசிட்டிவ், அதாவது கன அன்டிபயோடிக்கை உடைக்கிற வகை எண்டு வந்திது. கீழ வரிசையா மருந்துப் பேர், அனேகமா எல்லாத்துக்கும் பக்கத்தில ஆர், ஆர், ஆர், எண்டா அந்த மருந்து கேக்காது. மெரோபெனம் எண்ட பலமான அன்டிபயோடிக் ஊசி ஏத்தித்தான் ஆள் தேறினவா. இப்ப வீட்டில, பரவாயில்ல.

அதுக்குப் பிறகு கொஞ்சம் தேடி வாசிச்சன். 2024 செப்டெம்பர் 26 ஐநா பொதுச்சபையில, கிருமியள் மருந்துக்கு அடங்காமப் போற இந்தப் பிரச்சினைக்கெண்டே ஒரு உயர்மட்டக் கூட்டம் வச்சிருக்கினம். 2019 இல மருந்துக்கு அடங்காத பக்டீரியாவோட தொடர்பா செத்த ஆக்கள் 49.5 இலட்சம், அந்த சாவை 2030 க்குள்ள 10 வீதம் குறைக்கிறதாம். ஆனா 2016 லயும் இதே மாதிரிக் கூடி அறிக்கை விட்டவைதானே? எங்கட சந்தியில இப்பவும் டொக்டரின்ர துண்டு இல்லாம அமொக்சிசிலின் ஒரு காட் கேட்டா கைல வருது. நியூயோர்க்கில எழுதிறது இஞ்ச அம்மாவின்ர கட்டிலடிக்கு வர வழி இருக்கோ எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஆய்வுகூட அக்கா:

தம்பி, அம்மா சுகமாகினது சந்தோசம். நான் லாப்பில வேலை செய்யிறபடியா அந்தப் பக்கத்தைச் சொல்லுறன். சலத்தில வளந்த கிருமியை அகர் தட்டில (கிருமி வளர ஜெலி ஊத்தின தட்டு) பரவலாப் பூசி, அதுக்கு மேல மருந்து ஊறின குட்டிக் கடதாசி வட்டங்களை வைப்பம், ஒவ்வொண்டும் ஒரு 6 மில்லிமீற்றர்தான் வரும். இரவு முழுக்க இன்கியுபேற்றரில கிடக்கும். விடிய எடுத்துப் பாக்கேக்க மருந்து வேலை செய்தா அந்த வட்டத்தைச் சுத்தி கிருமி இல்லாத தெளிஞ்ச வளையம் இருக்கும், அதைக் கோலால அளப்பம். அம்மாவுக்கு வந்த மாதிரிக் கிருமி எண்டா கடதாசியின்ர விளிம்பு வரைக்கும் கிருமி வளந்து நிக்கும். அதைத்தான் ஆர் எண்டு எழுதுறது.

இதெல்லாத்துக்கும் ரெண்டு மூண்டு நாள் போகும், டொக்டர் அதுவரைக்கும் காத்திருக்க ஏலாது, அதால ஊரில பொதுவா எந்த மருந்து இன்னும் வேலை செய்யுது எண்ட கணக்கு அவருக்கு வேணும். அந்தக் கணக்கு லாப்பில இருந்துதான் வரும். உலக சுகாதார நிறுவனம் 2015 இல உலக செயற்திட்டம் கொண்டு வந்து அதே வருசம் கிளாஸ் எண்டு கண்காணிப்பு வலையமைப்பும் தொடங்கினது, எல்லா நாடும் ஒரே முறையில அளந்து தரவு குடுக்கவேணும் எண்டதுக்குத்தான். எங்கட இலங்கையும் 2017 இலருந்து 2022 வரைக்கும் தேசிய திட்டம் ஒண்டு போட்டது. ஆகவே ஒண்டும் நடக்கேல்ல எண்டு நான் சொல்லமாட்டன்.

ஆனா காசுதான் பிரச்சினை. பிரிட்டன் 2015 இல தொடங்கின பிளெமிங் நிதியம் ஆசியா, ஆபிரிக்காவில எத்தினையோ லாப்புகளைத் தூக்கி விட்டது, 2025 ஜூலையில அதை நிப்பாட்டுறம் எண்டு அறிவிச்சிட்டினம். ஐநா கூட்டத்தில அறிக்கையை ஏத்துக்கொண்டு அப்ப ஒரு வருசம் கூட ஆகேல்ல. அது எனக்குச் சரியான கவலை, ஏனெண்டா தட்டும் வட்டமும் சோதனைக்குப் பாவிக்கிற ரீஏஜென்டும் மாசாமாசம் வாங்கவேணும், ஒருக்கா மெசின் வாங்கித் தந்திட்டுப் போனாக் காணாது.

ஒஸ்லோவில் சுன்னாகத்தான்:

நான் இருக்கிறது நோர்வே. இஞ்ச பிள்ளைக்குத் தொண்டை நோ, காய்ச்சல் எண்டு போனா டொக்டர் விரல் நுனியில குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சிஆர்பி (உடம்பில அழற்சி எவ்வளவு எண்டு காட்டிற டெஸ்ட்) பாப்பார், அதில கூடுதலாக் காட்டாட்டி பரசிற்றமோல் குடுங்கோ, தண்ணி குடுங்கோ, கூடினா வாங்கோ எண்டு அனுப்பி விடுவார். வந்த புதுசில எங்கட சனம் எல்லாம் இவங்களுக்கு வைத்தியம் தெரியாது எண்டுதான் கதைக்கிறது. மருந்து குடுத்தாலும் அனேகமா பழைய சாதாரண பெனிசிலின்தான், அது இஞ்ச இன்னும் வேலை செய்யிது!

இன்னொண்டு, 1987 அளவில இஞ்சத்த சமன் மீன் பண்ணையில கிட்டத்தட்ட 50 தொன் அன்டிபயோடிக் பாவிச்சவை. மீனுக்குத் தடுப்பூசி கண்டுபிடிச்சுப் போடத் தொடங்கின பிறகு இப்ப ஒரு தொன்னுக்கும் குறைவு, மீன் உற்பத்தியோ எத்தினையோ மடங்கு கூடீட்டுது. செய்ய ஏலாது எண்டு ஒண்டும் இல்ல.

வடமராட்சி பாமசி:

ஒஸ்லோ அண்ணை சொல்லுறது சரி, ஆனா அங்க டொக்டரைப் பாக்க ஒரு நாள் சம்பளம் போறேல்ல. என்னட்ட வாற சனம் கூலிக்குப் போற சனம். தனியாரில காட்டினா பீஸ், மருந்துக்கு வேற, அரச ஆசுபத்திரிக்குப் போனா ஒரு நாள் வேலை போச்சு. அதால "தம்பி, போனமுறை தந்த அந்தச் சிவப்புக் குளிசை ரெண்டு நாளைக்குத் தா" எண்டு வருவினம். சட்டப்படி துண்டு இல்லாமக் குடுக்கக் கூடாது, நான் குடுக்கிறேல்ல, அடுத்த கடையில வாங்கிப்போட்டு என்னோட கதைக்காம விட்ட ஆக்களும் இருக்கினம்.

உலக சுகாதார நிறுவனம் 2017 இல மருந்துகளை மூண்டா வகுத்தது. முதல்ல குடுக்கவேண்டியது, பாத்துக் குடுக்கவேண்டியது, கடைசிக்கு ஒதுக்கி வைக்கவேண்டியது. அமொக்சிசிலின், செபலெக்சின் முதலாவது. கோண்டாவிலான் தம்பியின்ர அம்மாவுக்கு முதல்ல எழுதின சிப்ரோ ரெண்டாவது, அசித்ரோமைசினும் அப்பிடித்தான். கொலிஸ்டின் மாதிரி மருந்துகள் மூண்டாவது. 2024 அறிக்கையில மனிசருக்குப் பாவிக்கிறதில 70 வீதமாவது முதலாவது வகையா இருக்கவேணும் எண்டு இருக்கு. எனக்கு அந்தக் கூட்டத்திலயே பிடிச்ச விசயம் அதுதான், ஏனெண்டா அதை ஒவ்வொரு பாமசியின்ர பில்லிலயும் எண்ணிப் பாக்கலாம். ஆனா 2022 இல மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் முதலாவது வகை மருந்தே இல்லாம, இருக்கிறதைத்தான் எழுதினவை. மலிவு மருந்து எப்பவும் கையிருப்பில இருக்காட்டி 70 வீதம் எங்கால வாறது?

கேரளாவைப் பாருங்கோ. 2018 இல தங்கட மாநிலத்துக்கெண்டே திட்டம் போட்டு, 2024 ஜனவரியில ஒப்பரேசன் அம்ருத் எண்டு கடை கடையா இறங்கினவை, துண்டில்லாம வித்த கடையளுக்கு நடவடிக்கை. எல்லாக் கடைக்கும் ஒரே நேரத்தில சட்டம் இறுகினாத்தான் நேர்மையா நடக்கிறவனுக்கும் யாவாரம் இருக்கும்.

கிணத்தடி:

எல்லாரும் மருந்தைப் பற்றியே கதைக்கிறியள், தண்ணியை மறந்திட்டியள். எங்கட யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல், மலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள்ள. நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) எங்களுக்குப் புதுசில்ல. பாகிஸ்தான் சிந்து மாகாணத்தில 2016 இலருந்து பரவின நெருப்புக்காய்ச்சலுக்கு வழமையான மருந்து ஒண்டும் கேக்கேல்ல, குளிசையில மிஞ்சினது அசித்ரோமைசின் மட்டும்தான். அவை 2019 இல புதுத் தடுப்பூசியை நாட்டின்ர அட்டவணையிலயே சேத்திச்சினம், உலகத்தில முதல் நாடு அவைதான். 2024 இல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்த கணக்குப்படி கை கழுவுறது, ஆசுபத்திரிச் சுத்தம், நல்ல தண்ணி, தடுப்பூசி இதுகளைச் சரியாச் செய்தா ஏழை, நடுத்தர நாடுகளில வருசம் 7.5 இலட்சம் சாவைத் தடுக்கலாம். புது மருந்து ஒண்டும் தேவையில்ல அதுக்கு.

கோண்டாவிலான்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமா வரும் எண்டு நினைக்கேல்ல. அக்கா, ஒரு கேள்வி. அம்மாவுக்குத் திரும்ப வந்தா நாங்கள் என்ன செய்யவேணும்?

ஆய்வுகூட அக்கா:

அந்த ரிப்போட்டை போட்டோக் கொப்பி எடுத்து கிளினிக் கொப்பிக்குள்ள ஒட்டி வையுங்கோ, எந்த டொக்டரிட்டப் போனாலும் முதல்ல அதைக் காட்டுங்கோ. திரும்பச் சலக்கடுப்பு வந்தா முதல் குளிசை போட முந்தியே சலம் எடுத்துக் குடுக்கவேணும், குளிசை போட்டாப்பிறகு எடுத்தா சிலவேளை தட்டில ஒண்டும் வளராது. முதல் வாறதை விட்டிட்டு நடுவில வாறதைப் பிடிக்கச் சொல்லுங்கோ, லாப்பில தாற போத்தலில, கெதியாக் கொண்டந்து குடுங்கோ. சீனியையும் கட்டுப்பாட்டில வையுங்கோ தம்பி, சீனி கூட இருந்தா அடிக்கடி வரும்.